நினைவகத்தில் யார் பங்கு எவ்வளவு?

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் சென்றால், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் அமராவதி நகர் வந்துவிடும். அங்குள்ள முதலைப் பண்ணையையும், 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியையும் உங்களில் பலர் பார்த்திருக்கக் கூடும். ஊருக்குப் பெயர் தேடித்தந்த அணை 1957-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 90 அடி. கொள்ளளவு சுமார் 4 டி.எம்.சி., அதாவது 400 கோடி கன அடி. திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 55,000 ஏக்கர் நிலம் இந்த நீரை நம்பியிருக்கிறது. அணைக்கு முன்பே ஆற்று வாய்க்கால்களில் பாசனம் பெற்று வந்தது பழைய ஆயக்கட்டு. அணை வந்த பின் சேர்ந்தது புதிய ஆயக்கட்டு.

நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று நாளிதழ்களில் வரும் செய்தியைப் படித்திருப்பீர்கள். இந்தக் கணக்கு ஒரு சொட்டு நீரையும் கூட்டிவிடாது. ஆனால் இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? தலைமடைக்காரர் வேண்டியமட்டும் பாய்ச்சிக்கொள்வார். கடைமடைக்காரர் பயிர் காயும். இருப்பது குறைவு, கேட்பவர் பலர் என்றால், அங்கே கணக்கு வேண்டும்.

கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஓர் அணை இருக்கிறது. அதுதான் நினைவகம். அதன் மதகுகளைக் காப்பது இயக்க முறைமையின் உட்பகுதியான 'கெர்னல்'. எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொண்டது என்று கணக்கு எழுதும் வேலையும் அதனுடையதே. கூட்டிக் கழித்தால் முடிந்துவிடும் வேலைதானே என்று தோன்றும். அப்படியில்லை. அறுபது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அந்த வரலாற்றில் நம் பக்கத்து ஊரான பெங்களூருக்கும் ஓர் இடமுண்டு. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே ஆள், ஒரே கணக்கு

இந்தியாவில் உருவான முதல் பெரிய மின்னணுக் கணிப்பொறிகளுள் ஒன்று பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'டிஃப்ராக்'. 1960-இல் அது பணியாற்றத் தொடங்கியது. அதன் நினைவகத்தில் 2,048 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 40 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: 81,920 பிட்டுகள். இன்றைய வழக்கில் சொன்னால் வெறும் 10 கிலோபைட். அந்த நினைவகம் ஃபெரைட் என்னும் காந்தப்பொருளால் ஆன சின்னஞ்சிறு வளையங்களைக் கம்பிகளில் கோத்துச் செய்யப்பட்டது. ஒரு வளையத்துக்கு ஒரு பிட். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும் அந்தத் தட்டுகளைப் பார்த்தால், பாவும் ஊடையுமாக நெய்த துணியே நினைவுக்கு வரும்.

அக்காலப் பொறிகளில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் ஓடும். உள்ளே இருப்பதெல்லாம் அதற்கே சொந்தம். எனவே நினைவகக் கணக்கு என்ற பேச்சே எழவில்லை. எவ்வளவு நேரம் பொறி ஓடியது என்று குறித்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது.

பல நிரல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் குடியேறத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. 1960களின் பிற்பகுதியில், ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய பொறிகள் ஒவ்வொரு வேலையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் இடத்தையும் தாமே பதிந்து வைக்கும் வசதியைப் பெற்றன. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்த ஐ.பி.எம். 370/155 அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான். கோடிக்கணக்கில் விலைபோன பொறிகள் அவை. துளையிட்ட அட்டைகளில் தம் நிரலைக் கொடுத்துவிட்டு, விடைக்காகப் பலரும் காத்திருந்த காலம் அது.

இடத்தை மட்டும் கணக்கெடுப்பது நியாயமாகாது. 100 கிலோபைட்டை ஒரு நிமிடம் வைத்திருந்தவரும் ஒரு மணி நேரம் வைத்திருந்தவரும் ஒன்றாவார்களா? ஆகவே இடத்தையும் நேரத்தையும் பெருக்கினார்கள். யூனிக்ஸ் முறைமையில் இதற்குக் 'கிலோ-கோர்-நிமிடம்' என்றே ஓர் அலகு வழங்கியது. 100 கிலோபைட்டை 3 நிமிடம் வைத்திருந்தால் 300 கிலோ-கோர்-நிமிடம். கட்டட வேலையில் 'ஆள்-நாள்' என்று கணக்கிடுகிறோமே, அதே முறைதான். 'கோர்' என்பது அந்த ஃபெரைட் வளையத்தின் பெயர். வளையங்கள் மறைந்து சிலிக்கன் சில்லுகள் வந்த பின்னும், கணக்கேட்டில் அவற்றின் பெயர் நெடுநாள் நிலைத்திருந்தது!

பக்கம் பக்கமாக

இதற்கிடையே இங்கிலாந்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவான 'அட்லஸ்' என்னும் கணிப்பொறி 1962 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் வளைய நினைவகத்தில் 16,384 சொற்கள் மட்டுமே இருந்தன. அதைத் தலா 512 சொற்கள் கொண்ட 32 'பக்கங்களாக'ப் பிரித்தார்கள். பக்கத்தில் சுழலும் காந்த உருளையில் இன்னும் பல பக்கங்கள் இருக்கும். வேண்டிய பக்கத்தை உள்ளே கொண்டுவருவதும், வேண்டாததை வெளியே அனுப்புவதும் இயக்க முறைமையின் பொறுப்பு. நிரலை எழுதியவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றும்.

இந்த 'மெய்நிகர் நினைவக' முறைதான் இன்று உங்கள் கைப்பேசி வரை வந்திருக்கிறது. பெரும்பாலான பொறிகளில் ஒரு பக்கம் என்பது 4,096 பைட்டுகள்.

ஆனால் இதனால் கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி கூடியது. ஒரு நிரல் 500 மெகாபைட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் 'சரி' என்று சொல்லிவிடும். ஆனால் உடனே பக்கங்களைத் தந்துவிடாது. நிரல் எந்தப் பக்கத்தை முதன்முதலாகத் தொடுகிறதோ, அந்த நொடியில்தான் உண்மையான பக்கம் ஒதுக்கப்படும். ஆக, 'கேட்டது' ஒரு கணக்கு. 'தொட்டது' வேறொரு கணக்கு. அமெரிக்கரான பீட்டர் டென்னிங் 1968-இல் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார். ஒரு நிரல் அண்மைக் காலத்தில் தொட்ட பக்கங்களின் தொகுதியே அதற்கு உண்மையில் தேவையானது என்றார். எப்போதோ தொட்டுவிட்டு மறந்துபோன பக்கம் உள்ளே இருந்தாலும், அது தேவையில் சேராது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. லினக்ஸ் கெர்னல், நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோய் வேறு வழியே இல்லாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். எதைக் கொல்வது என்று முடிவு செய்வதற்கு அது ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும். நெடுங்காலம் அந்த மதிப்பெண் 'கேட்ட' அளவை அடிப்படையாகக் கொண்டிருந்தது. நிறையக் கேட்டு, கொஞ்சமே தொட்ட ஓர் அப்பாவி நிரல் பலியாகும். உண்மையில் நினைவகத்தை விழுங்கியது தப்பிவிடும். 2010-இல் டேவிட் ரியன்டஸ் என்பவர் இந்தப் பகுதியை மாற்றி எழுதினார். அதன் பின் நினைவகத்தில் உள்ளபடி பிடித்திருக்கும் இடமே முதன்மை அளவாயிற்று. கணக்கு தவறினால் தண்டனையும் தவறும் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

ஒரு ஜெனரேட்டர், ஐந்து யூனிட்டுகள்

இனி நம் கதையின் முக்கியமான முடிச்சுக்கு வருவோம். அணை நீருக்கும் நினைவகத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஒரு வயலில் பாய்ந்த நீர் அதே நேரத்தில் இன்னொரு வயலில் பாய முடியாது. ஆனால் நினைவகத்தின் ஒரு பக்கத்தைப் பத்து நிரல்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம்!

இது எப்படி? திரையில் எழுத்தைக் காட்டுவது, கோப்பைத் திறப்பது போன்ற பொதுவான வேலைகளுக்கான கட்டளைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமந்துகொண்டு வரவேண்டியதில்லை. அவற்றை ஒரே ஒரு பிரதியாக நினைவகத்தில் வைத்து எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளலாம். 1988-இல் சன் நிறுவனம் வெளியிட்ட சன் ஓ.எஸ். 4.0 முதலிய யூனிக்ஸ் முறைமைகள் இந்தப் 'பகிர்வு நூலக' முறையைப் பரவலாக்கின. இடம் மிச்சமாயிற்று. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது: அந்தப் பொதுப் பக்கத்தை யார் கணக்கில் எழுதுவது?

திருப்பூரில் ஒரே கட்டடத்தில் ஐந்து சிறு யூனிட்டுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் கட்டிங், ஒன்றில் தையல், ஒன்றில் செக்கிங், ஒன்றில் அயர்னிங், ஒன்றில் பேக்கிங். மின்சாரம் நின்றால் ஐவருக்கும் ஒரே ஜெனரேட்டர். அதன் மாத வாடகை 10,000 ரூபாய். ஒருவர் பயன்படுத்தினாலும் ஐவர் பயன்படுத்தினாலும் வாடகை அதேதான். இதை எப்படி எழுதலாம்?

முதல் வழி: ஐந்து பேர் ஏட்டிலும் முழு 10,000-த்தையும் எழுதுவது. கூட்டினால் 50,000 வரும். இல்லாத செலவு இருப்பதாகத் தோன்றும். கெர்னல் பல ஆண்டுகளாகக் காட்டி வந்த 'உறைவிட அளவு' இத்தகையது. ஒவ்வொன்றும் 1 மெகாபைட் சொந்தமாகவும், 2 மெகாபைட் பொதுவாகவும் வைத்துள்ள 10 நிரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் பேரிலும் 3 மெகாபைட், கூட்டினால் 30. உண்மையில் செலவானதோ 12 மெகாபைட்டுதான்!

இரண்டாம் வழி: சமமாகப் பங்கிடுவது. ஆளுக்கு 2,000. கூட்டுத்தொகை சரியாக வரும். 2008 ஏப்ரலில் வந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பு முதல் இந்தப் 'பங்கு அளவு' கிடைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு நிரலுக்கும் 1.2 மெகாபைட். ஆனால் இதிலும் ஒரு வினோதம் உண்டு. நான்கு யூனிட்டுகள் ஒரு மாதம் மூடிக்கிடந்தால், ஐந்தாமவர் தலையில் முழு 10,000-மும் விழும். அவர் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. ஆனால் செலவு ஐந்து மடங்கு! அதுபோல ஒன்பது நிரல்கள் முடிந்துபோனால், மிஞ்சிய ஒன்றின் அளவு 1.2-இலிருந்து 3-ஆக உயர்ந்துவிடும். மேலும், ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதால் இந்தக் கணக்கு மெதுவானது.

மூன்றாம் வழி: ஜெனரேட்டரை முதலில் யார் போட்டாரோ அவர் கணக்கிலேயே முழுவதையும் எழுதுவது. இது அநியாயமாகப் படுகிறது அல்லவா? ஆனால் கெர்னல் ஒரு முக்கியமான இடத்தில் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்கான காரணத்தை இனிப் பார்ப்போம்.

பெங்களூரில் பிறந்த கணக்கேடு

2000-க்குப் பின், ஒரே பெரிய பொறியில் பல வாடிக்கையாளர்களின் வேலைகளைச் சேர்த்து ஓட்டும் வழக்கம் பெருகியது. அங்கே தனித்தனி நிரலின் கணக்கு போதாது. ஒரு வாடிக்கையாளரின் நிரல்கள் அனைத்தையும் ஒரு குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்ட வேண்டும். கூகுள் நிறுவனத்தில் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் 2006-இல் இத்தகைய குழு முறையைத் தொடங்கினர். 2007-இல் 'கட்டுப்பாட்டுக் குழுக்கள்' என்று பெயர் மாறி, 2008 ஜனவரியில் அது லினக்ஸில் சேர்ந்தது. ஆனால் அது வெறும் சட்டகம். நினைவகத்தை அளந்து வரம்பு கட்டும் பகுதி அதில் இல்லை.

அதை எழுதியவர் ஐ.பி.எம்.மின் இந்திய லினக்ஸ் பிரிவில் பணியாற்றிய பல்பீர் சிங். 2007 பிப்ரவரியில் தம் முதல் வடிவத்தை அவர் உலகெங்கும் உள்ள கெர்னல் பொறியாளர்களின் பார்வைக்கு வைத்தார். ஓபன்விசட் என்னும் திட்டத்தைச் சேர்ந்த பாவெல் எமெலியானோவ் அடுத்தடுத்து மூன்று வடிவங்களை எழுதினார். அந்தத் திட்டத்தில் முன்பே 'பீன்கவுன்ட்டர்' என்று ஒரு கணக்கு முறை இருந்தது. ஒவ்வொரு பயறாக எண்ணும் கஞ்சக் கணக்குப்பிள்ளையைக் கேலி செய்யும் ஆங்கிலச் சொல் அது!

2007 ஜூனில் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் பல்பீர் சிங்கும் வைத்தியநாதன் ஸ்ரீனிவாசனும் இந்த வேலையின் இடர்ப்பாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தனர். அங்கே கூடியவர்கள் ஒரு முக்கியமான யோசனை சொன்னார்கள். நிரல்கள் தமக்கென வைத்திருக்கும் பக்கங்களை மட்டும் எண்ணினால் போதாது. கோப்புகளைப் படிக்கும்போது கெர்னல் நினைவகத்தில் சேர்த்து வைக்கும் பக்கங்களையும் எண்ண வேண்டும் என்றார்கள். ஏன்? ஒரு குழு நாள்முழுதும் பெரிய கோப்புகளைப் படித்துக்கொண்டே இருந்தால், அந்தப் பக்கங்களே நினைவகத்தை நிறைத்துவிடும். அதன் கணக்கிலோ எதுவும் ஏறியிராது. தலைமடையில் கணக்கில் வராத ஒரு வாய்க்கால் ஓடுவது போன்றது அது. இரு வகைப் பக்கங்களையும் சேர்த்து எண்ணும் வடிவம் 2008 ஏப்ரலில், அதே 2.6.25 பதிப்பில் இடம்பெற்றது.

பொதுப் பக்கத்துக்கு அதில் வைத்த விதி 'முதலில் தொட்டவர் கணக்கு' என்பதே. காரணம் இரண்டு. முதலாவது, வேகம். ஒரு நொடியில் இலட்சக்கணக்கான பக்கங்கள் கைமாறும் இடத்தில் பங்குதாரர்களையெல்லாம் தேடிக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது, காலப்போக்கில் பிழை ஓரளவு தானே சரியாகிவிடும் என்னும் நம்பிக்கை. முதலில் தொட்ட குழு தன் வரம்பை எட்டும்போது, கெர்னல் அதன் பக்கங்களுள் பயன் குறைந்தவற்றை வெளியேற்றும், கணக்கிலிருந்தும் கழித்துவிடும். அந்தப் பக்கம் இன்னொரு குழுவுக்கு உண்மையாகவே தேவையென்றால், அக்குழு அதை மீண்டும் தொடும். இப்போது கணக்கு அதன் பேரில் ஏறும். முதல் நாளில் சரியாக இல்லாத கணக்கு, நெருக்கடி வரும்போது தேவைப்படுபவரை நோக்கி நகர்கிறது.

வரம்பை எட்டிய குழுவில் வெளியேற்றவும் எதுவும் இல்லாவிட்டால், அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு நிரல் கொல்லப்படும். அடுத்த குழு பாதிக்கப்படாது. தவறு செய்தவர் வீட்டோடு தண்டனை நிற்கிறது.

கணக்கேட்டுக்கும் இடம் வேண்டுமே!

கணக்கு எழுதுவதும் இனாமாக நடப்பதில்லை. இந்தப் பக்கம் இன்ன குழுவுக்குரியது என்று குறிக்க, தொடக்கத்தில் 64-பிட் பொறிகளில் பக்கம் ஒன்றுக்கு 40 பைட்டுகள் செலவாயின. 4,096-இல் 40 என்றால் ஏறத்தாழ 100-இல் 1 பங்கு. 4 ஜிகாபைட் நினைவகத்தில் 10,48,576 பக்கங்கள். எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றினால் ஏட்டுக்கு மட்டும் 40 மெகாபைட். சரக்கு வைக்கும் குடோனில் கணக்கு நோட்டுகளே ஒரு மூலையை அடைத்துக்கொள்வது போல! ஜப்பானியரான காமெசாவா ஹிரோயுகி முதலியோர் இதைப் படிப்படியாகக் குறைத்தனர். 2015-இல் யோஹன்னஸ் வைனர் அந்தத் தனி ஏட்டையே நீக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் முன்பே வைத்திருக்கும் குறிப்பிலேயே குழுவின் பெயரையும் சேர்த்துவிட்டார்.

நேரச் செலவும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் பொது ஏட்டைத் திறந்தால், பல செயலிகள் உள்ள பொறியில் வரிசை நீண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு செயலியும் சில டஜன் பக்கங்களுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பற்று எழுதி வாங்கிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளும். இதனால் எந்த நொடியில் பார்த்தாலும் ஏட்டில் உள்ள எண் சற்றே முன்பின்னாக இருக்கும். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு பாக்கி இருந்தது. நிரல்களுக்காகக் கெர்னல் தானே செலவிடும் இடம் யார் கணக்கு? ஒரு நிரல் இலட்சம் கோப்புகளைத் திறந்தால், அவற்றைப் பற்றிய குறிப்புகள் கெர்னலின் சொந்த நினைவகத்தில்தான் சேரும். 2013 முதல் இதையும் குழுவின் கணக்கில் எழுத வழி வந்தது. 2016-இல் வெளிவந்த இரண்டாம் வடிவக் குழு முறையில், இதைச் சேர்த்து எண்ணுவதே இயல்பாயிற்று.

உங்கள் கையில் உள்ள அணை

இவையெல்லாம் எங்கோ உள்ள பெரிய பொறிகளைப் பற்றிய செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டிராய்டு கைப்பேசிகளில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அழைப்பு வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால் பாடம் முதலிலிருந்து திறக்கிறது. ஏன்? நினைவகம் நெருக்கடிக்கு உள்ளானபோது, பின்னால் இருந்த செயலி வெளியேற்றப்பட்டுவிட்டது. குறைந்த நினைவகம் உள்ள கைப்பேசி வைத்திருப்பவர்தான் இதில் கடைமடைக்காரர். கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு அவருக்கு நீர் வந்து சேரும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ வேறு எந்த லினக்ஸோ உள்ள கணிப்பொறி பள்ளியில் இருந்தால், அதன் கண்காணிப்புத் திரையைத் திறவுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே உள்ள உறைவிட அளவுகளைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள். பிறகு, மொத்தத்தில் செலவான நினைவகம் எவ்வளவு என்று அத்திரை காட்டுகிறது எனப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, எந்தெந்தப் பக்கங்கள் பலமுறை எண்ணப்பட்டன, எவை எண்ணப்படாமலே போயின என்று உங்கள் நண்பர்களோடு விவாதியுங்கள்.

அடுத்த முறை அமராவதி நகருக்குப் போகும்போது, அணைச் சுவரின் அடிக்கணக்கைச் சற்று நின்று பாருங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த மதகில், யாருக்கு, எவ்வளவு என்னும் கேள்வி இருக்கிறது. கெர்னலின் கணக்குப்பிள்ளையும் ஒவ்வொரு நொடியும் அதே கேள்விக்குத்தான் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்.